பதினான்காம் விதியும் புள்ளலூர் வண்டிப்பாதையும்

பிப்ரவரி 2, திங்கள். உத்திரமேரூர்.

எட்டு மணிவரை பனி விலகவில்லை. கால்நடை மருந்தகத்துக்குப் புறப்படுமுன் முடிக்க வேண்டியது: தனசேகரன் மீது எனக்குள்ள புகார்கள், நாள்வாரியாக. கடிதத்துக்கு முன்வரைவு. உணர்ச்சி வேண்டாம். வரிசை போதும்.

1. டிசம்பர் 14. பல்லவர்–சாளுக்கியர் போரை வைத்து நாங்கள் மூவர் ஒன்பது ஆண்டுகளாக உருவாக்கிய பலகைப் போர் விளையாட்டை, ‘புள்ளலூர்க் களம்’, சென்னையில் விளையாட்டுகள் அச்சிடும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினான். முன்கூட்டிச் சொல்லவில்லை. (மன்னித்தேன்.)

2. ஜனவரி 4. விதி 14-ஐத் தானே மாற்றினான்.

3. ஜனவரி 18. மாற்றியதை மறைத்தான். “சின்னத் திருத்தந்தான்யா, எழுத்துப் பிழ மாதிரி.”

4. ஜனவரி 30. அச்சுப்படி வந்தது. அட்டையில் ஆக்கியோர் இருவர், அவனும் நானும். ஏழுமலையின் பெயர் அட்டையில் இல்லை. உள்ளே நன்றி சொல்லும் பக்கத்திலும் இல்லை.

5. ஜனவரி 31. காரணம் கேட்டேன். “அவன் இன்னாய்யா பண்ணான், காய நகுத்துனான்.” சொல்லுக்குச் சொல் இதுவே பதில்.

கல்லூரி விடுதியில் ஒரே அறை. முப்பத்திரண்டு ஆண்டு நட்பு. அதற்கு ஐந்து வரி போதுமாயிருக்கிறது.

விதி 14, அசல் வடிவம், பதிவுக்காக: ‘திறந்தவெளிக் கட்டத்தில் அடுக்காக நிற்கும் படை தாக்கப்பட்டால், அடுக்கில் வலிமை மிக்க காய் (மேற்காய்) மட்டுமே எதிர்த்து நிற்கும். அது வீழ்ந்தால் உடன் நிற்கும் காய்கள் அனைத்தும் வீழும். கோட்டை, ஏரிக்கரை ஆகிய கட்டங்களில் மட்டும் மேற்காய் தவிர ஏனையவை தப்பும்.’

இந்த விதி வருமுன் விளையாட்டு செத்துக் கிடந்தது. ஒரு கட்டத்தில் எத்தனை காய் வேண்டுமானாலும் அடுக்கலாம், அத்தனையும் சேர்ந்து அடிக்கும். ஆகவே பல்லவனும் அடுக்கினான், சாளுக்கியனும் அடுக்கினான். இரண்டு கோபுரங்கள் மோதின. ஒவ்வொரு ஞாயிறும் அதே ஆட்டம்.

ஏழுமலை புள்ளலூர் ஏரிக்கு அப்பால் உள்ள இருளர் குடியிருப்பில் வசிப்பவர். கூலி வேலை. அறுப்பு முடிந்தால் வரப்பில் எலி பிடிப்பார். தனசேகரனின் (இனி த.சே.) மாடுகளுக்கு நான் ஊசி போடப் போகையில் மாட்டைப் பிடித்துக்கொள்பவரும் அவரே. அப்படித்தான் பலகையருகே வந்தார். மூன்று ஞாயிறு வாய் திறக்காமல் பார்த்தார். நான்காம் ஞாயிறு சொன்னார்:

“இன்னா சார், அல்லாத்தையும் ஒரே வளையில வச்சிகினு கீறீங்க? பொக போட்டா மொதல்ல வாசல்ல கீற பெருசு சாவும். அப்பால உள்ள கீறது அல்லாம் சாவும். கரையில தோண்டன வளைன்னா பின்வாசல் கீது, ஓடிப்பூடும்.”

அன்றே எழுதினேன். வாக்கியம் என்னுடையது. விதி அவருடையது. அதன்பின் நாங்கள் இருவரும் அவரை வென்ற ஆட்டங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

பிப்ரவரி 3, செவ்வாய்.

வாங்க: தடுப்பூசிப் பெட்டிக்கு ஐஸ், குழல் விளக்கு ஒன்று, நெஞ்செரிச்சல் மாத்திரை.

த.சே. மாற்றிய விதியைச் சோதித்தேன். (மேற்காய் மட்டும் வீழும், மற்றவை ஒரு கட்டம் பின்வாங்கும்.) சாப்பாட்டு மேசையில் அச்சுப்படிப் பலகை. இரு பக்கமும் நானே. மூன்று ஆட்டம்.

முதல் ஆட்டம்: சாளுக்கியன் பன்னிரண்டு காய்களை ஒன்றாக அடுக்கி, யானையை மேலே வைத்து, நேரே காஞ்சிக்கு நடந்தான். வழியில் இரு யானை இழப்பு. வந்து சேர்ந்தான். இரண்டாம் ஆட்டம்: அதுவே. மூன்றாவதில் பல்லவனுக்காக மனமறிந்து அவனைத் தடுக்க முயன்றேன். பயனில்லை. பிரிந்து நிற்கக் காரணமே இல்லாத களத்தில் பிரிந்து நிற்பவன் முட்டாள். பகடை உருட்ட ஆள் வேண்டும். யோசிக்க ஆள் வேண்டியதில்லை.

கடிதம் எழுதினேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். விதி 14 பழைய வடிவில் வர வேண்டும். ஏழுமலை பெயர் அட்டையில் வர வேண்டும். இரண்டும் நடக்கும்வரை அச்சிடுபவர் கேட்கும் ஒப்புதல் படிவத்தில் என் கையெழுத்து கிடையாது. விதியின் பிறப்பை அச்சிடுபவரிடம் ஏழுமலையே நேரில் வந்து சாட்சி சொல்வார்.

இறுக்கமான கடிதம். ஒரு சொல் கூட மிகையில்லை. திருப்தி.

பிப்ரவரி 5, வியாழன்.

பகல் முழுதும் மாகறலில், கோமாரித் தடுப்பூசி முகாம். வெயில் ஏறிவிட்டது. மதியம் த.சே. போன்.

“யோவ் டாக்டரு, வாராவாரம் எதிர்ல குந்தி ஆடிகினு ரிஜிஸ்டர் தபாலு போடுறியா? போஸ்ட்மேன் இன்னா சார் கேஸான்றான்.”

“எழுத்தில் பதில் சொல்.”

“வெளாட்டுய்யா இது. பன்னெண்டு காயி ஒரே அடியில போச்சின்னா வாங்குறவன் பலகையத் தூக்கிக் கடாசிடுவான்னு அந்த அச்சுப் போடுற ஆளு சொல்றான். நமக்குன்னா பழக்கம்.”

“அது விதி பற்றி. பெயர்?”

பின்னால் டிராக்டர் சத்தம்.

“ஏழுமல எனக்கு எதிர்ல வந்து சாட்சி சொல்றேன்னானா? அவன் வாயாலயா?”

“சொல்வார்.”

“சரி. பாக்கலாம்.”

துண்டித்தான். மிரட்டல் என்று அப்போது தோன்றவில்லை. வீம்பு என்று எண்ணினேன்.

பிப்ரவரி 7, சனி.

விடியலில் பெருநகர். கன்று வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தது. இரண்டரை மணி நேரம். மாடு பிழைத்தது. கன்று இல்லை. வலக்கை தோள்வரை மரத்துப்போயிற்று. டீக்கடையில் தம்ளரைப் பிடிக்க இரு கையும் வேண்டியிருந்தது.

பக்கத்து பெஞ்சில் இருவர்.

“புள்ளலூர்ல இருளருங்க வழில முள்ளு போட்டு அடச்சிட்டாங்களாமே.”

“இன்னாத்துக்கு?”

“இன்னாவோ வெளாட்டுச் சண்டையாம்.”

“கிரிக்கெட்டா?”

“தெர்ல. அட்டையில ஆனையும் குதிரையும் வச்சி ஆடுவாங்களாம், பெரிய பெரிய ஆளுங்க.”

“அதுக்கா? நல்லா கீது பேஜாரு.”

நாஷ்டா வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

புள்ளலூர். ஏரிக்கரையிலிருந்து குடியிருப்புக்குப் போகும் வண்டிப்பாதை த.சே.யின் இரு வயல்களுக்கு நடுவே போகிறது. அதன் வாயில் ஆள் உயரத்துக்கு வேலிகாத்தான் முள். புதிதாக வெட்டியது. இலை இன்னும் பச்சை. வண்டியை அங்கேயே நிறுத்தி, வாய்க்காலில் இறங்கி, முழங்கால் சேற்றில் சுற்றிப் போனேன். ஏழு வீடுகள். குடத்தோடு அதே சேற்றில் எதிரே வந்த பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஏழுமலையின் மனைவி குப்பு வாசலில் முறத்தோடு இருந்தாள். எழவில்லை.

“வா சார். வழி எப்பிடி கீது, சொகமா வந்தியா? நீ கடுதாசி போட்ட. அவுரு முள்ளு போட்டாரு. அல்லாம் படிச்சவங்க.”

“உடு குப்பு,” என்றார் ஏழுமலை.

“இன்னாத்த உடறது? தண்ணி வண்டி வந்து ரெண்டு நாளாச்சி. அந்த ஆனைய இட்டாந்து முள்ள இயுக்கச் சொல்லு.”

ஏழுமலை சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், நா எப்ப சார் சாட்சி சொல்றேன்னேன்?”

குனிந்து காலிலிருந்த சேற்றை வழித்தேன்.

“நீங்க கேக்கவே இல்லியே சார். அவுரு வந்து, இன்னாடா எனக்கு எதுரா சாட்சி சொல்றியாமேன்னாரு. நா முயிக்கிறேன். எனக்குத் தெரிஞ்சாத்தான சொல்லுவேன்? நம்பல. அன்னிக்கி சாயங்காலமே முள்ளு.”

“உங்கள் பெயருக்காகத்தான் எழுதினேன்.”

“பேரு வந்தா சந்தோசந்தான் சார். பொய் சொல்லல. ஆனா அதுக்கு ஏழு வூட்டுப் பொம்பளைங்க சேத்துல எறங்கணுமா?”

திரும்பும்போது அவரே வாய்க்கால்வரை வந்து என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வலது கை. வலியைக் காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு.

இன்று ஆட்டம் இல்லை. ஒன்பது ஆண்டில் மழைக்கும் சாவுக்கும் அல்லாமல் நின்ற முதல் ஞாயிறு.

என் கடிதத்தின் நகலைத் திரும்பப் படித்தேன். விதி, பெயர், என் கையெழுத்து, ஏழுமலையின் சாட்சி. நான்கையும் ஒரே தாளில், ஒன்றன்மேல் ஒன்றாக, திறந்தவெளியில் நிறுத்தியிருக்கிறேன். விதி 14-க்காகச் சண்டைக்குப் போனவன் செய்த ஏற்பாடு இது. என் மேல் அடி விழவில்லை. விழவும் விழாது. எனக்கு அரசு வேலை, சொந்த வீடு. உடன் நின்றவர்கள் வீழ்ந்தார்கள்.

இன்னொன்று. பலகையை ஏன் எப்போதும் த.சே.யின் மோட்டார் கொட்டகையில் போட்டு ஆடினோம்? காற்று வரும் என்பான். நானும் அப்படியே நம்பினேன். அவன் வீட்டுக் கூடத்தில் மின்விசிறி இரண்டு. ஏழுமலை அந்தக் கூடத்தில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஒன்பது ஆண்டு இதை நான் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லையா, கவனிக்க விரும்பவில்லையா என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். இப்போது நேரமில்லை.

சட்டைக்கு இஸ்திரி. மாத்திரை தீர்ந்தது.

பிப்ரவரி 9, திங்கள்.

அரை நாள் விடுப்பு. கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். மரியாதையான மனிதர். “வண்டிப்பாதை சார். புறம்போக்கு. பட்டா நெலத்துல சேராது. மனு குடுங்க, நேர்ல வந்து பாக்கறேன்.”

மனுவை அங்கேயே எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். பின் மூடினேன். வெளியே வந்து ஏழுமலைக்குப் போன்.

“மனு கொடுக்கலாமா? வேண்டாமா? நீங்கள் சொல்வதுதான்.”

குப்புவின் குரல் ஏதோ கேட்டது. பிறகு:

“குடுக்கலாம் சார். ஆனா ஒரே மனுவுல ஏழு கைநாட்டு வாணாம். ஏழு வூடும் ஏழு மனு, தனித்தனியா. ஒருத்தன மெரட்டி வாபசு வாங்க வச்சா மீதி ஆறு நிக்கும்.”

“சரி.”

“நீங்க எயுதுங்க. குடுக்கறது நாங்க. நீங்க கூட வராதீங்க.”

“பெயர் விஷயம்?”

“வழி வரட்டும். அப்பால கேளுங்க, சொல்றேன். நீங்களா சொல்லாதீங்க.”

ஏழு மனு எழுதி ஏழுமலையிடம் சேர்த்தேன். மாலை நாலரைக்கு ஏழும் கொடுத்து, ஏழு ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிட்டதாகச் செய்தி. நான் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். கூடப் போகவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்.

காலை ஆறரைக்கு த.சே. வீட்டிலிருந்து அழைப்பு. ஈன்று மூன்று நாளான பசு, எழவில்லை. பால் காய்ச்சல். போனேன். பசு இந்த வழக்கில் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல.

கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்ற வேண்டும். தலையைப் பிடிக்க ஆள் வேண்டும். அவனே பிடித்தான். பிடிக்கத் தெரியவில்லை. பசு தலையை உதற, இரண்டு முறை ஊசி நழுவியது. மூன்றாம் முறை கொம்பு அவன் விலாவில்.

“ஏழுமல இல்லாம இது நிக்காதுய்யா.”

“வழி இல்லை. எப்படி வருவார்?”

நான்காம் முறை ஊசி ஏறியது; பாட்டில் காலியாகும்வரை அவன் கொம்பை விடவில்லை. இருபது நிமிடம். பசு ஏப்பம் விட்டது, காது சூடேறியது, எழுந்து நின்றது. கை கழுவத் தண்ணீர் ஊற்றினான்.

“முள்ள எடுத்துடறேன்யா. ஏழு மனு போயிருக்காமே. ஒண்ணுன்னா பேசி முடிச்சிருப்பேன். எடுத்துடறேன், உடு.”

“எப்போது?”

“எடுத்துடறேன்னா எடுத்துடறேன். எழுதியா குடுக்கணும்?”

ஆம்.

வெளியே வந்ததும் ஏழுமலையைப் போனில் கேட்டேன், த.சே. உங்களுக்கு எழுதித் தரும்படி கேட்கலாமா என்று. “எனக்கா? அவுரா?” என்றார். சிரிப்பில்லை. “எயுதட்டும் சார்.”

அனுப்பியதன் நகல்:

‘தனசேகரன், இக்கடிதத்தில் ஒரே ஒரு பொருள். விளையாட்டு இதில் இல்லை. ஒப்புதல் படிவமும் இதில் இல்லை. வண்டிப்பாதையில் நீ போட்ட முள்ளை நீ அகற்ற வேண்டும். அகற்றிய நாளையும், இனி அடைக்கமாட்டாய் என்பதையும், உன் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாய்ச்சொல் ஏற்கப்படாது. பதிலை எனக்கு அனுப்பாதே. உறையின் மேல் முழுப்பெயர், முழு முகவரி: திரு. கா. ஏழுமலை, ஏரிக்கரைக் குடியிருப்பு, புள்ளலூர். அது அவர் கைக்குச் சேர வேண்டிய கெடு: பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.’