தேவகிக்கு ஏறிய தண்ணீர்

மே 12, செவ்வாய்

கத்திரி வெயில். டியூட்டி ரூம் ஏ.சி. மறுபடி அவுட். எலெக்ட்ரீஷியன் வந்தான், அண்ணாந்து பார்த்தான், போனான்.

காலையில் தீக்காய வார்டுக்குப் புது கேஸ். தேவகி, 32. மாமல்லபுரம் பீச்சில் வறுத்த மீன் கடை. கேஸ் டியூப் பற்றியிருக்கிறது. கைகள், நெஞ்சு, வயிறு, முகத்தில் ஒரு பக்கம். உடம்பில் 35 சதவீதம் வெந்திருக்கிறது. எடை 55 கிலோ. காயமெல்லாம் டூத்பேஸ்ட், சுவருக்கு வெள்ளை அடித்த மாதிரி. எந்தப் புண்ணியவான் யோசனையோ.

வழி முழுக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். ஒரு சொட்டு கொடுக்கவில்லை. புருஷன் முருகனின் விளக்கம்: "தீப்பட்டவங்களுக்குத் தண்ணி குடுத்தா உசிரு பூடும்னாங்க மேடம்." யார் சொன்னது? "எல்லாரும்." இந்த எல்லாரையும் பிடித்து, டூத்பேஸ்ட் பூசி, வெயிலில் நிறுத்த வேண்டும்.

கிலோவுக்கு, சதவீதத்துக்கு நாலு மி.லி. என்று கணக்கு: 4 x 55 x 35. ஒரு நாளைக்கு ஏழே முக்கால் லிட்டர் கிட்ட ஆர்.எல். டிரிப்ஸ். பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள். அதுவும் தீப்பட்ட நேரத்திலிருந்து. டூத்பேஸ்ட் தேடிய நேரமும் சேர்த்தி. கை இரண்டும் வெந்திருக்க, காலில் இரண்டு லைன்.

முருகனின் அண்ணன் வந்தார். அணுமின் நிலையத்தில் வேலை, அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். லீவு நாளிலும் கழுத்தில் ஐ.டி. கார்டு. ஃபோனில் வீடியோ பார்த்துவிட்டு எனக்குப் பாடம்: "ஏழு லிட்டரா? அரைக் குடம் தண்ணி மேடம் அது. உடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

இரண்டு பேருக்கும் சொன்னேன். தீப்பட்ட உடம்பில் ரத்தக் குழாய்கள் ஒழுகும். நீரெல்லாம் சதைக்குள் போய்விடும். ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் கிட்னி தப்பும். வீங்கும், பயப்படாதீர்கள். தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் நம் ஜனங்களை மிஞ்ச ஆளில்லை.

அதே நாள், மாலை

முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிவிட்டன. எதிர்பார்த்ததுதான். மூச்சு சரி. மூத்திரம்தான் சரியில்லை. மணிக்கு முப்பது மி.லி.யாவது வேண்டும். பத்துகூட இல்லை. கடுங்காபி நிறம்.

கணக்குத் தப்போ? திரும்பப் போட்டேன், சரிதான். டிரிப்ஸைப் பார்த்தேன். இரண்டு லைனிலும் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் கடைசி வரை தள்ளி மூடியிருக்கிறது! சிஸ்டர் மேரி தொடவில்லை என்று சத்தியம் செய்தாள்.

நேராக வராண்டா. அணுபுரத்தாரை எல்லோர் முன்பும் பிடித்தேன். "கிட்னி போச்சுன்னா என்ன பண்ணணும்னு உங்க வீடியோவுல சொல்லியிருக்கா சார்?"

ஐ.டி. கார்டைத் தடவிக்கொண்டு நின்றார். "நான் உள்ளயே வர்லியே மேடம்." புளுகு என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து முருகன்: "நான்தான் மூடுனேன். நீங்க ஏத்த ஏத்த வீங்கிகினே போவுது. அவ மூஞ்சியே காணோம் மேடம்."

மடையன். காலையில் வாய்க்குத் தண்ணீர் இல்லை, இப்போது ரத்தத்துக்கும் இல்லை. "மூஞ்சி வேணுமா, பொண்டாட்டி வேணுமா?" என்று கத்தினேன். அழுதான். அழட்டும்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஐ.டி. கார்டுக்காகவே.

டிரிப்ஸைக் கூட்டியாகிவிட்டது. இனி கணக்கைப் பார்த்து அல்ல, மூத்திரப் பையைப் பார்த்து. பயமாக இருக்கிறது.

மே 13, புதன்

கேன்டீன் பொங்கலில் கல்.

காலையில் பத்தைத் தாண்டியது, அவ்வளவுதான். முருகனுக்குக் கவுன் மாட்டிப் பையின் முன் உட்கார வைத்தேன். "இதுல மஞ்சளா நெறைய வந்தா பொழைப்பா. சக்கரத்தத் தொட்டா வெரல உடைப்பேன்."

மதியம் வார்டே அதிர ஒரு சத்தம்: "மேடம்! வந்துச்சு மேடம்!" மற்ற கட்டில்களின் ஆட்களெல்லாம் தேர் வந்த மாதிரி எழுந்து நின்றார்கள். முப்பத்தைந்து. நிறமும் தெளிகிறது. மூத்திரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். எனக்கும் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

மே 15, வெள்ளி

ஏ.சி. அப்படியே. உதவாக்கரைகள்.

தேவகிக்கு வீக்கம் வடிகிறது. சீழ் பிடிக்காமல் பார்க்க வேண்டும், தோல் ஒட்ட வேண்டும், வேலை எவ்வளவோ இருக்கிறது. ஆனால் கிட்னி தப்பியது.

ரவுண்ட்ஸில் நிற்கும்போது கண்ணைத் திறந்தாள். தூக்கமில்லாமல், அழுதழுது உப்பிப்போன முருகனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாய்யா, உன் மூஞ்சி இப்டி வீங்கிக்கீது?"

சிஸ்டர் மேரி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கொடு என்றேன்.