கயிறு தொட்டவருக்குப் பங்கு

மச்சான்,

சண்டை முடிந்து, கடலுக்குப் போக நேவிக்காரனிடம் பாஸ் துண்டு காட்டத் தேவையில்லை என்று ஆன வருஷம் அது. எங்கள் கண்டக்குழிக் கரையில் வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீருக்கு மேலே ஓடுவதை நாங்கள் முதன்முதல் பார்த்ததும் அந்த வருஷம்தான். "காத்தை வித்துக் காசாக்கிறாங்கள், நாங்கள் இன்னும் மீனுக்குப் பின்னால ஓடுறம்" என்று நீ சொன்னாய்.

இதெல்லாம் இன்றைக்கு ஏன் வருகிறதென்றால், எங்கள் வேலியில் உடுப்புக் காயப்போடக் கட்டியிருப்பது உன் கரைவலையின் பழைய கயிறு. இரவு மழை பெய்தது. காலையில் வெயில் ஏற ஏற அது மணக்கத் தொடங்கியது. உப்பும் தும்பும் செதிலும் சேர்ந்த மணம். பக்கத்தில் நின்றபடியே உன்னோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாதென்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஜெனிற்றா எழுதுகிறாள். தூஷணம் வந்தால் பேனையைத் தூக்கிவிட்டு என்னைப் பார்க்கிறாள். உன்னைப் பற்றித் தூஷணம் இல்லாமல் கதைப்பது லேசா, சொல்லு.

அப்போது இவளுக்கு நாலு வயது. தாய், என் மகள், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தகப்பன் வேறு குடும்பமாகிச் சிலாபத்தில் இருந்தான். அவனுடைய தாய் ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள்: "கிழவன் கரையில நிண்டால் பிள்ளையை ஆர் பாக்கிறது? இஞ்ச கொண்டுவந்து விடச் சொல்லுங்கோ." அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கயிறு இழுக்கிறவன் பிள்ளையை எங்கே வைப்பான்? உன் வாடி இருந்ததால்தான் இவளை நான் என்னோடு வைத்திருந்தேன். வலை போடுகிற அந்த நீட்டுக் கொட்டிலில் பாதியை மறைத்து, சின்னப் பிள்ளைகள் படிக்கிற நிலையத்துக்குக் கொடுத்திருந்தாய். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த றிஸ்வானா ரீச்சர் அதை நடத்தினார். எங்கள் பிள்ளைகளும் அவரோடு வந்த முஸ்லிம் ஆட்களின் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்தார்கள்.

அந்தக் கரைவலைக் காலத்தில்தான் அவுஸ்திரேலியாவிலிருந்து ரீச்சர் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். மூன்று பெட்டைகள், ஒரு பெடியன். சம்பளம் இல்லை, பிளேன் காசுகூடத் தங்கள் கையால். அவர்களில் மூத்தவள் ஹன்னா, தென்னை மாதிரி வளர்த்தி. வந்த அன்றே வாடிக் கூரையின் வளைமரத்தில் நெற்றியை இடித்தாள். மறுநாளும் இடித்தாள். "இவளுக்காக நான் கூரையைக் கழட்டவோ?" என்று நீ கேட்டாய். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் பிள்ளைகளோடு தவளையாய்த் தத்தினார்கள், சிப்பி பொறுக்கி நிறம் நிறமாய் அடுக்க வைத்தார்கள். ஜெனிற்றா வீட்டுக்கு வந்து முற்றத்து மண்ணில் வட்டம் கீறிக் காட்டி, "அம்மப்பா, வெளியால போகாமக் கீறுங்கோ" என்று என்னை அதட்டுவாள்.

ஒரு காலை பிள்ளைகளை வலை இழுப்பது காட்டக் கூட்டிவந்தார்கள். நாங்கள் அம்பாப் பாட்டுப் பாடி இழுத்துக்கொண்டிருந்தோம். ஹன்னா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தாள். மற்ற மூவரும் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள் வால் மாதிரி. எங்கள் பாட்டுக்கு இடையில் அவர்களும் ஏதோ பாடினார்கள். அன்றைக்கு வலை நிறையச் சூடையும் பாரைக்குட்டியும்.

எங்கள் கரையில் கயிறு தொட்ட கைக்குப் பங்கு உண்டு. பாதியில் வந்தவனுக்கும் உண்டு, வழியால் போனவனுக்கும் உண்டு. நீ மணலில் மீனைக் கும்பல் கும்பலாய்ப் பிரித்து, அவர்களுக்கும் ஒரு கும்பல் வைத்து, மேலே நல்ல பாரைக்குட்டி ஒன்றையும் வைத்தாய். ஹன்னா நெஞ்சில் கை வைத்துச் சிரித்து, தலையை ஆட்டிப் பின்னுக்குப் போனாள். நீ திரும்பவும் நீட்டினாய். திரும்பவும் மாட்டேன் என்றாள். அந்தப் பெடியன் நல்லது செய்கிறேன் என்று மீனை அள்ளி எங்கள் கும்பலில் போட்டான். கயிறு சுற்றிக்கொண்டு நின்றவர்கள் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்களில் பங்கை மறுப்பது ஒருவன் மட்டும்தான்: வலைக்குச் சொந்தக்காரனான சம்மாட்டியோடு பகை சொல்கிறவன். உன் தம்பி உன்னை விட்டுப் பிரிந்த நாளில் அப்படித்தான் செய்தான். அதற்குப் பிறகு அவனுடைய செத்தவீட்டுக்குக்கூட நீ போகவில்லை. இதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் வலையில் நல்ல மீன் ஒன்றில்லை, வந்தது முழுக்கத் தொட்டால் அரிக்கிற சொறிமுட்டை. நீ பாயையும் கரும்பலகையையும் வெளியே போட்டு வாடியைப் பூட்டினாய்.

நான் உன்னிடம் வந்தேன். "பிள்ளையள் என்ன பிழை செய்தது, மச்சான்?"

"பிள்ளையளை ஆர் சொன்னது? என்ர கரையில, என்ர பங்கைத் தூக்கி எறிஞ்சவை."

"நீ திறக்காட்டில் ஜெனிற்றாவை நான் சிலாபத்துக்கு விடவேணும்."

கிழிந்த வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப விடு" என்றாய்.

ஞாயிறு பூசை முடிய வந்து கூட்டிக்கொண்டு போகும்படி சிலாபத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அவளுடைய சின்னச் சட்டைகளை மடித்து வைத்தேன். "எங்க போறம்?" என்று கேட்டாள். நான் அடுத்த சட்டையை எடுத்து மடித்தேன்.

றிஸ்வானா ரீச்சர் எங்களோடு கயிறு இழுக்கிற சூசையிடம் விஷயத்தைக் கேட்டு அறிந்து, சனிக்கிழமை நாங்கள் மீன் பிரிக்கிற நேரம் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சம்மாட்டியார், இவங்கட கல்லூரியில சொல்லி அனுப்பியிருக்காங்க, கஷ்டப்பட்ட சனத்திட்ட ஒண்டும் வாங்கப்படாதெண்டு."

நீ எழும்பினாய். "ஆர் கஷ்டப்பட்ட சனம்?"

"நீதான் சம்மாட்டி" என்றான் சூசை. "உன்ர கிழிஞ்ச சாரத்தைப் பார்."

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "ரீச்சர், இதைச் சொல்லுங்கோ. இவை சம்பளம் இல்லாமல் எங்கட பிள்ளையளுக்குப் படிப்பிக்கினம். நாங்கள் வேண்டாமெண்டு சொன்னமோ? எங்களுக்கு வாங்கத் தெரியும். இவைக்கு ஏன் தெரியாது?"

ரீச்சர் அதைச் சொன்னதும் ஹன்னாவின் முகம் சிவந்தது. மெதுவாய் ஏதோ சொன்னாள். ரீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னவாம்?"

"வாங்குறாவாம். ஆனா மீன் மட்டும் தின்ன மாட்டாவாம். சின்ன வயசிலிருந்தே தின்னுறதில்லையாம்."

"மீன் தின்னாததைத் தேடிப் பிடிச்சுக் கண்டக்குழிக்கு அனுப்பியிருக்கிறாங்கள்!" என்று நீ கத்தினாய். அதற்குப் பிறகு உன்னாலேயே அடக்க முடியவில்லை. முழுக் கரையும் மணலில் இருந்து சிரித்தது. ஹன்னாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"தின்ன வேண்டாம். கையால வாங்கட்டும். பிள்ளையள் தின்னுவினம்" என்றாய்.

அவள் தன் நீட்டுச் சட்டையின் நுனியை விரித்துப் பிடித்தாள். நீ அள்ளிப் போட்டாய். உயிரோடு இருந்த ஒன்று துள்ளியது. வீறிட்டாள், சட்டையை மட்டும் விடவில்லை. நீ இடுப்பிலிருந்து வாடிப் பூட்டின் திறப்பை எடுத்து என்னிடம் எறிந்தாய்: "ஓடு, உன்ர சிலாபத்தாரை மறி." நான் வந்து கேட்டதை நீ மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நிலையத்தில் மீன் கறி. அடுத்த வலைப்பாட்டிலிருந்து பிள்ளைகளுக்கென்றும் ஒரு கும்பல் வைத்தாய். அந்த நாலு பேரும் கரைவலைக் காலம் முடிய முன்னமே தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளின் பங்கு நிற்கவில்லை. நீ போன பிறகு உன் மகன் வைக்கிறான். இப்போது ட்ரக்டர்தான் கயிறு இழுக்கிறது. அதற்கும் பங்கு வைக்க வேண்டுமோ என்று, நான் சொல்லாமலே, ஜெனிற்றா இதில் எழுதுகிறாள்.

அந்தத் திறப்புக்கு நான் உனக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. எங்களுக்குள் அப்படிச் சொல்லிப் பழக்கமும் இல்லை. புத்தளம் ஆஸ்பத்திரியில் நீ படுத்துக் கிடக்க நான் கஞ்சி பருக்கியபோது, ஒருத்தரிடமும் கை நீட்டாத நீ வெட்கப்படாமல் வாயைத் திறந்தாய். அன்றிலிருந்து நானும் ஆர் தந்தாலும் வாங்குகிறேன். மகள் அனுப்புவதை, பக்கத்து வீட்டார் மூடிக் கொண்டுவரும் கோப்பையை, இவள் குளிருக்கு வாங்கித் தந்த போர்வையை. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தால் உன் முகம் வந்து நிற்கிறது.

ஜெனிற்றா சிலாபத்துக்குப் போகவில்லை, மச்சான். இதோ எனக்கு முன்னால் இருந்து எழுதுகிறாள். கீழே ஆருடைய பெயரைப் போட என்று கேட்கிறாள். அன்றைக்குக் கயிறு பிடித்த எங்கள் வயது ஆட்களில் சூசை முதலில் போனான். பிறகு நீ. பிறகு உன் சாரத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒவ்வொருவராய். மிஞ்சியிருக்கிறவனின் பெயரைப் போடு, பிள்ளை.

சந்தியாகு மகன் வஸ்தியான்.