நீ கட்டிக்கொண்ட தாலி

அப்பா,

எங்கள் அலுவலகத்துக்கு எதிரே, பாலத்தடியில், புதிதாக ஒரு கரும்புச் சாறு வண்டி வந்திருக்கிறது. சாறு பிழிகிறவர் சக்கையைப் பின்னால் ஒரு சாக்கில் திணித்து வைக்கிறார். நேற்று பெய்த மழையில் அது நனைந்து புளித்துவிட்டது. இன்று காலை அதைக் கடந்தபோது உன் சட்டை வாசனை அடித்தது. சர்க்கரை ஆலையில் கரும்பு லோடு இறக்கிவிட்டு வந்து நீ கழற்றிக் கொடியில் போடுவாயே, அந்தக் காக்கிச் சட்டை. அம்மா அதை விரல் நுனியால் எடுத்து, "ஆலையையே வூட்டுக்கு எடுத்தாந்துட்டாரு" என்று திட்டிக்கொண்டே வாளியில் போடுவாள். நான் சாறு வாங்காமல் வண்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன். அவர் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ கிறுக்கு என்று விட்டுவிட்டார்.

உனக்கு எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. நீ இருந்தபோது நாம் பேசியதெல்லாம் சாப்பாடும் மழையும்தான். போனில் ஒரு நிமிடத்தைத் தாண்ட மாட்டாய். டிராக்டரில் உன் பக்கத்தில், சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகரத்தில் உட்கார்ந்து கச்சிராயபாளையம் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். அந்த இரைச்சலில் பேச வேண்டிய அவசியமே இருந்ததில்லை. நம் இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

பிரபுவை உனக்கு நினைவிருக்கும். பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். அவனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்த கூட்டத்தில் நான் இருந்தேன். இருந்தேன் என்பதைவிட ஒட்டிக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. நான் நடப்பதைப் போல் நடந்து காட்டுவான். கேண்டீனில் எல்லோர் முன்னாலும் "மேடம் வராங்க, எடம் வுடுங்கடா" என்பான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடக்கும்போது, அவன் கை என் தோளில் விழும். "கோவமாடா? சும்மா சொன்னேன்டா" என்பான். அந்தக் கைக்காகத்தான் மறுநாளும் போனேன் அப்பா. இன்று யோசித்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. அன்று எனக்கு அது மட்டும்தான் இருந்தது.

எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்பது எனக்கு ஏழாவதிலேயே தெரியும். அதற்கு என்ன பெயர் என்றுதான் தெரியாது. நம் பக்கத்தில் அதற்கு இருந்த பெயர்கள் எல்லாம் வசவுகள்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் கல்வராயன் மலைக்குப் போகலாம் என்று பிரபு சொன்னான். கோமுகி அணையைத் தாண்டினால் மலைதான், நமக்கு அது கொல்லைப்புறம் மாதிரி. இருந்தாலும் நண்பர்களோடு பைக்கில் போவது எனக்கு முதல் தடவை. நீ வாங்கித் தந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அருவியில் குளித்தோம். மற்றவர்கள் தண்ணீரில் கிடக்க, பிரபு மட்டும் பாறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலைத் தணித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் கேட்டான்.

"உண்மய சொல்லு. உனக்கு எம்மேல ஆசதானடா? நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு கனிவாக இருந்தது. ஆமாம் என்று சொன்னேன்.

அவன் எழுந்து நின்று கைதட்டினான். "டேய், சொல்லிட்டான்டா! நான் சொன்னேன்ல? ஜெயிச்சிட்டேன்!" அவர்களுக்குள் ஏற்கெனவே பந்தயம் கட்டியிருந்தார்கள். அதன் பிறகு யாரும் என்னைத் தங்கள் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்றார்கள். "பின்னாடி உக்காந்து புடிச்சிக்குவான்டா, வேணாம்" என்று ஒருவன் சொன்னான். இரண்டு பைக்கும் கிளம்பிப் போய்விட்டன. என் போன் பிரபுவின் பையில் இருந்தது.

வெள்ளிமலை வரைக்கும் நடந்து போய், டீக்கடை அக்காவின் போனில் உன்னைக் கூப்பிட்டேன். நீ ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "அங்கியே குந்திக்கினு இரு. வரேன்" என்றாய். டிராக்டர் முதலாளியின் பைக்கை வாங்கிக்கொண்டு மலையேறி வந்தாய். வந்ததும் முதலில் எனக்கு ஒரு டீ சொன்னாய். நான் குடித்து முடிக்கும்வரை கடைக்காரம்மாவிடம் மலையில் இந்த வருடம் கடுக்காய் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தாய்.

பாதி இறக்கத்தில், ஒரு வளைவில், பிரேக் சூடாகிவிட்டது என்று வண்டியை ஓரம் கட்டினாய். கீழே அணைத் தண்ணீர் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"இன்னாடா ஆச்சு? ஏன் வுட்டுட்டுப் போனானுங்க?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. எனக்குத்தான் தெம்பு இல்லை. "எனக்குப் பொண்ணுங்க மேல ஆச வர்லப்பா. பசங்க மேலதான் வருது. அத பிரபுகிட்ட சொன்னேன்" என்றேன். சொல்லிவிட்டு அடிக்காகக் காத்திருந்தேன். நீ பிரேக்கைத் தொட்டுப் பார்த்தாய். அது ஆறியிருந்தது என்று நினைக்கிறேன், ஆனாலும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாய்.

"எப்பலேந்து?"

"ஏழாவதுலேந்து."

"அம்மாகிட்ட இப்ப வாயத் தொறக்காத. நான் விசாரிக்கிறேன். ஏறு."

நான் விசாரிக்கிறேன். பட்டா விஷயம் மாதிரி, எருமைக்கு வந்த நோய் மாதிரி. அடுத்து வந்த நாட்களில் நான் சாப்பிடவே இல்லை. மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போவாயா, ஊசி போடுகிற டாக்டரிடமா என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். நீ டிராக்டரை எடுத்துக்கொண்டு போனாய், வந்தாய். யாரிடம் விசாரித்தாய் என்று கடைசிவரை எனக்குத் தெரியவே இல்லை.

சித்திரைப் பௌர்ணமிக்கு முன்னால் ஒருநாள், "வா, ஒரு கோயிலுக்குப் போய்ட்டு வரலாம்" என்றாய். அம்மாவிடம் வேண்டுதல் என்று சொன்னாய். எலவனாசூர்கோட்டையைத் தாண்டியபோதுதான் கூவாகத்துக்குப் போகிறோம் என்று எனக்குப் புரிந்தது. கூத்தாண்டவர் திருவிழா. எங்கிருந்தெல்லாமோ திருநங்கைகள் வந்து, அரவானைக் கணவனாக நினைத்துப் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்துவிட்டு அழுகிற திருவிழா. நம் பக்கத்து ஆண்களும் வேண்டுதலுக்காக அங்கே தாலி கட்டிக்கொள்வது உண்டு. அதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலுக்குப் பின்னால், புளியமரத்தடியில், நீ கொண்டுவந்த மஞ்சள் பையைத் திறந்தாய். உள்ளே ஒரு மஞ்சள் கயிறு, கொஞ்சம் பூ, காகிதத்தில் சுற்றிய சிவப்புக் கண்ணாடி வளையல். உனக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"அளவு தெரியல. உங்கம்மா அளவுலியே வாங்கியாந்துட்டேன். போட்டுப் பாரு."

எந்தக் கடையில் நின்று, யாருக்கு என்று சொல்லி வாங்கினாய்? உன் கரும்புக் கை அந்தக் காகிதத்தைப் பிரித்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

"அப்பா, நான் பொண்ணு இல்லப்பா."

"இன்னாடா சொல்ற? அன்னிக்கு மலைல சொன்னியே."

"பசங்கள புடிக்கும்னுதான் சொன்னேன். பொண்ணா மாறணும்னு சொல்லல. நான் பையன்தான். பையனாவே இருந்துக்கினு பையன புடிக்கும். அவங்க வேற, நான் வேற."

நீ வளையலைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினாய். சுற்றிலும் பட்டுப்புடவைகள், மல்லிகைப் பூ, மைக்செட் சத்தம். பிறகு உண்மையாகவே புரியாமல், ஒரு சின்னப் பிள்ளை மாதிரி என்னிடம் கேட்டாய்.

"அப்ப அதுக்கு இன்னா சாமி இருக்குது?"

 

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "டேய், கல்யாணப் பொண்ணு வந்திருக்குதுடா!" பிரபுவும் அவன் கூட்டமும். திருநங்கைகளை வேடிக்கை பார்க்கவும் இடித்துவிட்டு ஓடவும் வருடா வருடம் வருகிற கூட்டத்தில் அவர்களும் இருந்தார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. என் தலைவிதி எதுவாக இருந்தாலும் போகட்டும், உன் காதில் இது விழ வேண்டியதில்லையே என்று இருந்தது. நீ மெதுவாகத் திரும்பினாய்.

"இவன்தானா அது?"

நான் தலையாட்டினேன். நீ அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாய்.

"வா தம்பி. அவனுக்கு இல்ல, எனக்குத்தான் கல்யாணம். இருந்து பாத்துட்டுப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். பிரபுவும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "வேண்டிக்கினு வந்துட்டேன், கட்டாம போவ முடியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாய். முன்னால் நின்ற திருநங்கை திரும்பி, "அண்ணே, வேண்டுதலா?" என்றாள். "ஆமாம்மா, புள்ளைக்கு" என்று சொல்லி வளையலை அவளிடம் நீட்டினாய். அவள் கைக்கு அது ஏறவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். உன் முறை வந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மீசையும் நரைத்த தலையுமாகப் பூசாரிக்கு முன்னால் குனிந்தாய். நான் திரும்பிப் பார்த்தபோது பிரபு போய்விட்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் பேச்சு என்னை ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் அழுகளத்தில் உன் கயிற்றை அறுத்தார்கள். சுற்றிலும் எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நீயும் அழுதாய். ஊர் வழக்கத்துக்கு அழுகிறாய் என்று நினைத்தேன். மற்றவர்கள் குளிக்கப் போன பிறகும் நீ தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். நான் உன்னைத் தொடப் பயந்துபோய், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பும் வழியில் டீக்கடையில் நீயே சொன்னாய்.

"ஒரு பேரப்புள்ளய நெனச்சிக்கினு இருந்தேன். அவ்ளோதான். முடிஞ்சிச்சி."

அதோடு அந்தப் பேச்சை மூடிவிட்டாய். நான் சென்னையில் படித்தேன், வேலைக்குச் சேர்ந்தேன், எனக்குப் பிடித்த லாரன்ஸோடு ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்தேன். உன்னிடம் அறையில் கூட இருக்கிறவர் என்று சொன்னேன். போனை வைக்கும் முன்னால், "அந்தத் தம்பி சாப்ட்டுதா?" என்று கேட்பாய். அது மரியாதைக்குக் கேட்பது என்று நினைத்தேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் என்னை வெறுக்கிறாயா? எத்தனையோ தடவை கேட்க வாயெடுத்து, மழை உண்டா என்று கேட்டிருக்கிறேன்.

போன மார்கழியில் ஆலை வாசலில், லோடோடு வரிசையில் நின்றிருந்தபோது, ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கினாய். விடிந்து வரிசை நகர்ந்தது. உன் டிராக்டர் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்களாம். அந்த ஹாரன் சத்தத்தை நான் கேட்கவில்லை. ஆனால் அது என் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

உன் சாவுக்கு லாரன்ஸும் என்னோடு வந்தான். யார் என்று கேட்டவர்களிடமெல்லாம், கூட வேலை செய்கிறவர் என்றேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். பந்தலுக்கு வெளியே நின்று எல்லோருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். தாய்மாமன் வரவில்லை. மாமன் வீட்டிலிருந்து கோடித் துணிகூட வரவில்லை. பால் தெளித்துவிட்டு வந்த பிறகு, மாமா ஏன் வரவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு அப்போது வெடித்தது.

"எப்படிடா வருவாரு? எங்கண்ணன் பொண்ணு கல்யாணம், திருக்கோவிலூர் மண்டபத்துல. பந்தில குந்திக்கினு இருக்கறோம். 'அடுத்து உன் புள்ளைக்குத்தான், ஒரு நல்ல எடம் இருக்குது'ன்னு எங்கண்ணன் சொன்னாரு. இந்த மனுசன் எலையிலேந்து கைய எடுத்துட்டு, மண்டபமே திரும்பிப் பாக்கற மாதிரி சொல்றாரு. 'எம்புள்ள ஆம்பளதான் மச்சான். ஆனா அவனுக்கு ஆம்பளயத்தான் புடிக்கும். பொண்ணுலாம் பாக்க வேணாம்'னு. சொல்லிட்டு, 'ரசம் ஊத்துங்க'ன்னாரு. அன்னியிலேந்து எங்கண்ணன் இந்த வாசப்படி மிதிக்கல. நீ வந்து கூட வேல செய்யறவன்னு எங்கிட்டியே கத வுடற."

எம்புள்ள ஆம்பளதான். அந்தப் புளியமரத்தடியில் நான் கோபத்தோடு சொன்னதை அத்தனை வருடமாக மனத்தில் போட்டுப் பார்த்து, பிசகில்லாமல் விளங்கிக்கொண்டிருக்கிறாய். சொந்தம் போனாலும் பரவாயில்லை என்று ஊருக்கே சொல்லியிருக்கிறாய். எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஏன்ப்பா? ஒரு போன் போட்டிருக்கலாமே. ஒரு நிமிடம் போதுமே.

அன்று சாயங்காலம் லாரன்ஸை வீட்டுக்குள் கூப்பிட்டு அம்மா முன்னால் நிறுத்தினேன். "கூட வேல செய்யறவரு இல்லம்மா. இவர்கூடத்தான் இருக்கறேன்" என்றேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னும் சரியாக என்னிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு அலுவலகத்தில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன், வீட்டு உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உன் வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். சொல்லிவிடுகிறேன் அப்பா. ஆனால் ஒரு மண்டபமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.