விற்கும் முன் வீட்டைக் காட்டு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு, உன் மூட்டுவலி எப்படி? நான் சொல்லச் சொல்லச் சமையல்காரர் எழுதுகிறார். அதனால் கொஞ்சல் கிடையாது.

நான் காவல் இருக்கும் வீட்டை முதலாளி விற்றுவிட்டார். விற்கும் முன்பே இன்ஜினியரைக் கூப்பிட்டுச் சோதிக்க வைத்தார். ஏணி பிடிக்கப் போய் எனக்கு முட்டியில் லேசான சிராய்ப்பு, ஆறிவிட்டது. இன்ஜினியர் கண்டுபிடித்த குழாய்க் கசிவை உடனே அடைத்தார்கள். வாங்க வந்தவர், "குறை சொல்ல ஒண்ணுமே வைக்கலையே" என்று பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

விற்கப்போகும் நம் வீட்டையும் அப்படி ஒரு இன்ஜினியரிடம் காட்டு. சின்னவள் பிறந்த வருஷத்து மழையில் சமையலறைச் சுவரில் விழுந்த விரிசலை மறைக்காதே. எல்லாவற்றையும் சரிசெய். நம் அறைக் கதவை மட்டும் தச்சரை இழைக்க விடாதே. மழைக்கு அது உப்பி இறுகினால், "தோளக் குடுத்துத் தள்ளுங்க" என்று உள்ளிருந்து சொல்வாயே. நான் வந்து கடைசியாக ஒருமுறை அப்படித் திறந்ததும் வீட்டைக் கொடுத்துவிடுவோம்.

லீவு கேட்டிருக்கிறேன். நான் வரும்வரை பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதே. கேட்டில் ஹாரன் அடிக்கிறார்கள், வருகிறேன்.