படலையில் கட்டிய வேப்பிலை

என் மேசையில், மருந்துச் சீட்டுகளுக்கு மேலே, ஒரு வேப்பங்கொத்து வாடிக்கிடக்கிறது. இலை சுருண்டுவிட்டது, கசப்பு வாசம் மட்டும் அறை முழுக்க நிற்கிறது. கூட்டித் துடைக்கிறவ இரண்டு தடவை எடுத்து எறியப் பார்த்தா. நான் விடவில்லை. இது உமக்கு வந்த கொத்து. எப்படி வந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நீர் இருந்திருந்தால் இந்நேரம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பீர்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள் நாங்கள். நான் டொக்டராகிச் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, நீர் அதே ஊரில் குடும்பநல உத்தியோகத்தராகக் கர்ப்பிணிகளைத் தேடி வீடு வீடாகத் திரிந்துகொண்டிருந்தீர். ஊருக்கு நீர் ‘மிஸி’. ஆட்களுக்கு முன்னால் என்னை ‘டொக்டர்’ என்பீர். தனியே இருக்கும்போதும் ‘டொக்டர்’தான், ஆனால் அதில் நக்கல் இருக்கும்.

அந்த வைகாசியை மறக்க ஏலாது. வெங்காயம் செய்கிற ஒருவர் காய்ச்சலோடு வந்தார். கனகாலம் ஆளில்லாமல் கிடந்து திரும்பக் கிடைத்த காணியில் பற்றைக்காடு வெட்டியவர். எனக்கு அந்தக் கோடை முழுக்க டெங்குதான் தலைக்குள். இரத்தம் பார்த்தேன், டெங்கு இல்லை. பனடோல் குளிசை கொடுத்து, மூன்று நாளில் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் வரவில்லை. உடம்பில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டதும், அம்மாள் வந்துவிட்டா என்று அவருடைய தாய் வாசல் படலையில் வேப்பிலை கட்டிவிட்டா. கொப்பளிப்பான், அம்மை வந்த வீடென்றால் தெரியும்தானே. வெளியாட்கள் உள்ளே போவதில்லை, மருந்து கொடுப்பதில்லை, ஆள் வேப்பிலைப் படுக்கையில் கிடக்கும்.

நீர் போனது அவரைப் பார்க்க அல்ல. அவருடைய மனைவிக்கு ஏழாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவைக்கப் போனீர். படலையில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். கிணற்றடியில் கால் கழுவி, அம்மாள் படத்துக்கு முன் நின்று திருநீறு பூசிக்கொண்டு உள்ளே போனீராம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, என் வாசலில் வரிசை நீண்டு நின்ற நேரம், உம்முடைய அழைப்பு வந்தது.

“டொக்டர், இந்த மனுசன்ரை உடம்பிலை எங்கையெல்லாம் பாத்தனீர்?”

“நாக்கு, கண், நெஞ்சு, வயிறு. ஏன்?”

“சாரத்தை இளக்கிப் பாக்கேல்லையோ?”

பார்க்கவில்லை. அவர் வெட்கத்தில் இடுப்பில் கட்டிய சாரத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கும் அவசரம்.

“இது கொப்பளமே இல்லை, எல்லாம் தட்டைப் புள்ளி. அரைநாண் கயித்துக்குக் கீழை கறுத்தப் பொருக்கு ஒண்டு இருக்கு, சிகரட்டாலை சுட்ட மாதிரி. கயிறு உரஞ்சின புண் எண்டு சொல்லுறார், நோவே இல்லையாம். உம்மடை மேசையிலை பிளாஸ்குக்குக் கீழை கிடக்கிற கடதாசியிலை மூண்டாம் பக்கத்தைப் பாரும். நான் ஓட்டோ பிடிச்சிட்டன்.”

அது, கோடையில் வைத்தியர்கள் கவனிக்கவேண்டிய புதிய காய்ச்சல்கள் என்று மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை. வாசித்ததாகக் கையெழுத்துப் போட்டவள் நான். என் மேசைக்கு முன்னால் காத்திருந்த நேரங்களில் உண்மையாகவே வாசித்தவர் நீர். மூன்றாம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் இருந்தது. பற்றைக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்த இடத்தில் நோகாத கறுத்தப் பொருக்கு வரும். கண்டுபிடித்தால் சாதாரணக் குளிசை போதும். விட்டால் நுரையீரலில் போய் ஆளையே கொண்டுபோகும். எனக்கு முகம் எரிந்தது. முதலில் உம்மீது கோபம்தான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டோவிலிருந்து இறக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. டொக்சிசைக்கிளின் குளிசை தொடங்கிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆவணியில் பிறந்த மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர், என்னைத் தாண்டி நேரே உம்மிடம் போனார். நான் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

இனி வேப்பிலை கட்ட வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லும் என்றேன். “உம்மடை பேச்சைக் கேட்டு ஆர் அவிழ்ப்பினம்?” என்றீர். நீர் வீடு வீடாகச் சொன்னது வேறு. “வேப்பிலை கட்டுங்கோ. கட்டின கையோடை எனக்குப் போனிலை ஒரு கோல் எடுங்கோ. அம்மாளைக் கும்பிட்டிட்டுப் போறன்.” கூட்டத்தில் இதைக் கேட்டு மற்ற டொக்டர்மார் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அழைப்புகள் வந்தன. பெரும்பாலும் கொப்பளிப்பான்தான், கும்பிட்டுவிட்டு வந்தீர். இடையிடையே கறுத்தப் பொருக்கும் அகப்பட்டது, ஒருவருக்குக் கைக்குக் கீழே கமக்கட்டில், இன்னொருவருக்கு முழங்கால் மடிப்பில். ஒருவரையும் நாங்கள் சாகவிடவில்லை.

தை மாதம் புற்றுநோய் உம்மைக் கொண்டுபோனது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு உம்முடைய கணவர் உம்முடைய போனைக் கொண்டுவந்து தந்தார். “இந்த நம்பர் அயலூர் எல்லாம் இருக்கு டொக்டர். நிப்பாட்ட மனம் வரேல்லை.” சார்ஜ் போட்டு மேசையில் வைத்தேன். நாலு மாதம் அது அடிக்கவே இல்லை. எல்லாம் உம்மோடு போய்விட்டது என்று நினைத்தேன்.

ஆனியில், சோளகக் காற்று தூசியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அடித்தது. அடுத்த ஊரில் இருந்து ஒரு தாய்.

“மிஸி, மகளுக்கு வேப்பிலை கட்டீட்டம். கட்டினா எடுக்கச் சொன்னனீங்கள்.”

நீர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். “ஓம் அம்மா, ஆள் வரும்” என்றுதான் வந்தது.

நானே போனேன். கால் கழுவினேன். கோயிலுக்கே ஒழுங்காகப் போகாத நான் அம்மாள் படத்துக்கு முன் நின்று கும்பிட்டேன். “மிஸி வரேல்லையோ?” என்று தாய் கேட்டா. “அவதான் என்னை அனுப்பினவ” என்றேன். மகள் ஆட்டுக்குக் குழை வெட்டப் பற்றைக்குள் போகிறவள். கமக்கட்டு, இடுப்பு, கால் எல்லாம் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எழும்பப் பார்த்தபோது உம்முடைய கேள்வி நினைவு வந்தது. எங்கையெல்லாம் பாத்தனீர்? கொண்டையை அவிழ்க்கச் சொன்னேன். பிடரியில், மயிருக்குள், கறுத்தப் பொருக்கு இருந்தது.

குளிசை தொடங்கி இரண்டாம் நாள் அவள் கஞ்சி கேட்டாளாம். அம்மாள் இறங்கித் தலைக்குத் தண்ணி வார்த்த அன்று தாய் படலையில் இருந்த வேப்பிலையை அவிழ்த்து, ஒரு கொத்தை முறித்து என் கையில் தந்தா. அதற்குப் பிறகு உம்முடைய போன் இரண்டு தடவை அடித்துவிட்டது. நான் அதைச் சார்ஜிலேயே வைத்திருக்கிறேன்.

“இதை மிஸியிட்டைக் குடுங்கோ,” என்றா அன்று அந்தத் தாய். “மகள் எழும்பீட்டாள் எண்டு சொல்லுங்கோ.”

எழும்பிவிட்டாள், மிஸி. கொத்து மேசையில் இருக்கிறது.