மூன்றும் மூன்றும் ஆறு

மார்ச் 3, செவ்வாய்

தங்கையின் ரொட்டிக் கடையில் புகைபோக்கி மாற்றிக் கொடுத்தேன். பழைய ஆறு இஞ்ச் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புதிது வர இரண்டு வாரம் ஆகும் என்றான் குழாய்க் கடைக்காரன். இரண்டு வாரம் தங்கையின் அடுப்பு அணைந்து கிடக்க நான் விடுவேனா? என் கொட்டகையில் மூன்று இஞ்ச் குழாய் இரண்டு சும்மா கிடந்தன. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்திக் கூரைக்கு மேலே ஏற்றிவிட்டேன். மூன்றும் மூன்றும் ஆறு. முடிந்தது வேலை.

கப்பலுக்கே புகைபோக்கி போட்டவன் நான். போட்டது வேறொருவர், பெயின்ட் அடித்தது நான். பெயின்ட் இல்லாமல் கப்பல் கிளம்பியிருக்குமா?

மார்ச் 5, வியாழன்

விடியலில் அடுப்பு மூட்டுவது தங்கையின் மருமகள். கல்யாணமாகி ஏழு மாதம். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மிதப்பு. இன்று எல்லோர் முன்னாலும் சொல்கிறாள்: "மாமா, விட்டத்தக் கூட்டினா சரியா வராது. பரப்பளவப் பாக்கணும். ஆரத்த ஆரத்தால பெருக்கணும். ரெண்டு குழாயும் சேந்தாலும் பழசுல பாதிதான். அதான் புகை உள்ளயே திரும்புது."

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரே என்னிடம் சந்தேகம் கேட்பார். எனக்கு வட்டம் சொல்லித்தருகிறாள்.

நூல் கொண்டுவரச் சொன்னேன். சின்னக் குழாய்கள் இரண்டையும் தனித்தனியாகச் சுற்றி அளந்து, இரண்டு நூலையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டேன். அதைப் பின்வாசலில் கிடந்த பழைய குழாய் மேல் சுற்றிக் காட்டினேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "விட்டம் சரி, சுற்றளவு சரி. பரப்பளவு மட்டும் எங்கம்மா ஓடிப்போச்சு?" என்றேன். வீடே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப புகை ஏன் வருது?" என்றாள் தங்கை.

"விறகு அடுக்கத் தெரியணும்ல" என்றேன். சும்மா சொன்னதுதான்.

மார்ச் 11, புதன்

டீக்கடையில் நூல் கதையை மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கதையில் இப்போது யாரோ இரண்டு இன்ஜினியர்கள்கூட வந்து வாயடைத்து நிற்கிறார்கள்.

ரொட்டியில் புகை வாடை அடிக்கிறதாம். தங்கை மருமகளைப் பிடித்துக் காய்ச்சினாள். "அண்ணன் அளந்தே காட்டிட்டாரு. உனக்குத்தான் வேலையில கண்ணு இல்ல." அவள் கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. புகையாலா, அழுகையாலா? நான் ஏன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்?

மார்ச் 15, ஞாயிறு

விடியற்காலை அடுப்பு முன்னால் மருமகள் மயங்கி விழுந்துவிட்டாள். நெஞ்சில் புகை ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். "வேலைக்குப் பயந்த நடிப்பு" என்றாள் தங்கை. மாலையில் மருமகளின் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். தங்கை மகன் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்பினான்.

வாசலில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "மாமா, ஒரு தடவ குழாய்ல மணலக் கொட்டிப் பாருங்க."

மார்ச் 16, திங்கள்

நான் ஏன் கொட்ட வேண்டும்?

மார்ச் 19, வியாழன்

கொட்டினேன்.

பழைய குழாயில் ஒரு அடி, கொட்டகையில் மிச்சமிருந்த மூன்று இஞ்ச் துண்டில் ஒரு அடி அறுத்தெடுத்தேன். சின்னதில் மணல் நிரப்பிப் பெரியதில் கொட்டினேன். இரண்டாவது முறை நிரம்ப வேண்டும். பாதியில் நின்றது. நான்காவது முறைதான் தலை தட்டியது.

மணல் ஈரமோ? காயவைத்து மறுபடி கொட்டினேன். நாலுதான். எத்தன தடவ கொட்டினாலும் நாலுதான்.

நூல் பொய் சொல்லவில்லை. சுற்றளவைக் கேட்டேன், சுற்றளவைச் சொன்னது. புகை குழாயின் நடுவே போகிறது, நான் ஓரத்தை அளந்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தப் பொண்ணு பத்து நாளு அந்தப் புகையில...

மார்ச் 22, ஞாயிறு

ஆறு இஞ்ச் குழாய் வந்துவிட்டது. மதியம் அடுப்பு ஆறும்வரை காத்திருந்தேன். நானே மாட்டினேன். தங்கையிடம், "சின்னதுல துரு ஏறிடுச்சு, மாத்திட்டேன்" என்றேன். வேறொன்று சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மார்ச் 24, செவ்வாய்

புகையைச் சுத்தமாக இழுக்கிறது. இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு புகைபோக்கி கிடையாது.

"அண்ணா, பாத்தியா" என்றாள் தங்கை. "அவ போனா, புகையும் போச்சு. இவன் என்னன்னா கூட்டிட்டு வரட்டுமான்னு கேக்குறான்."

தங்கை மகன் மாவு பிசைவதை நிறுத்தினான். "நீங்க சொல்லுங்க மாமா. நான் போகட்டுமா?"

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"அம்மா சொல்றதக் கேளுப்பா" என்றேன்.

தங்கை சூடாக ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். புகை வாடை துளியும் இல்லை.