நித்தியகல்யாணியை மெல்லக் கூடாது

மார்ச் 3, செவ்வாய்

நான் யாருக்கும் இலை பறித்துக் கொடுக்கவில்லை. படிக்கட்டில் நடக்கிற பேச்சு முழுத் தவறு. கீழ்வீட்டு டிரில் டீச்சர், மதிலோரம் நான் வளர்க்கும் நித்தியகல்யாணியில் தானே கிள்ளி, தானே மென்று, தானே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். "மாடிவீட்டு அம்மாதான் சுகருக்கு நல்லதுன்னு குடுத்தாங்களாம்" என்று அவள் மருமகள் பால்காரரிடம் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. எனக்குக் காது கேட்கும். கேட்காதது டீச்சருக்குத்தான். காதுமெஷின் டப்பாவிலேயே இருக்கிறது. மாட்டினால் கிழவி மாதிரித் தெரியுமாம்.

மார்ச் 4

களைப்பு. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றாவிட்டாலும் அவை சாகா.

மார்ச் 6, வெள்ளி

டீச்சரின் மகன் வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பெரியம்மா, அந்தச் செடியெல்லாம் எடுத்துடுங்க. நீங்க சொல்லித்தான் மென்னேன்னு அம்மா சொல்றாங்க."

"உங்கம்மாவா சொன்னா?"

"அவங்க வாயாலேயே."

ஊர் சொன்னால் போகட்டும். இவளா? என் வீட்டுக்காரர் போனதிலிருந்து, சாயங்காலமானால் மதிலோரம் நாற்காலி போட்டு என்னோடு உட்காருகிறவள். என்னைக் 'கான்வென்ட்' என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். என் தலையில பழி போட எப்படிடி மனசு வந்தது உனக்கு?

மார்ச் 8, ஞாயிறு

பிடுங்கத்தான் போனேன். நான் நட்டது சில தண்டுகள்தான். மற்றவை காய் வெடித்து, விதை சிந்தித் தாமாக முளைத்தவை. சிமெண்ட் விரிசலில்கூட ஒன்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. நீர் தேங்கினால் வேர் அழுகும். மணலும் வெயிலும் இருந்தால் வருடமெல்லாம் பூக்கும். கிள்ளினால் பால் வடியும். ஆடுகூட வாய் வைக்காது. ஆட்டுக்கு இருக்கிற புத்தி—

இதற்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் உண்டு என்று சொன்னபோது டீச்சர் எப்படிச் சிரித்தாள்! "நமக்கு முதல் பேரு முடிஞ்சுபோச்சு, கான்வென்ட். ரெண்டாவதுதான் பாக்கி."

ஒரு செடியைப் பிடுங்கினேன். முட்டி வலித்தது. மற்றதை விட்டுவிட்டேன். முட்டிதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் 11, புதன்

டீச்சர் வீடு திரும்பிவிட்டாள். கட்டிலில் சின்னதாகக் கிடந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நான் எப்போடி மெல்லச் சொன்னேன்?"

"இதுலேருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கறாங்கன்னே. அப்ப சுகருக்குன்னு கேட்டேன். 'சுகருக்கு இந்த இலையை மெல்ல...'ன்னே."

"மெல்லக் கூடாதுன்னேன்!"

"கூடாதைக் காணோமே. அதை நீ முழுங்கிட்டே, நான் இலையை முழுங்கிட்டேன்" என்று சிரித்தாள். இருமல் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாக்கியம் முடியும்போது குரலைத் தாழ்த்த வேண்டும், அதுதான் நாகரிகம் என்று கான்வென்ட் பள்ளியில் மதர் பழக்கினார். அன்றிலிருந்து தாழ்த்திக்கொண்டே வருகிறேன். தமிழில் வேண்டும், கூடாது இரண்டும் கடைசியில்தான் வரும் என்பது அந்த வெள்ளைக்காரிக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் பொய் சொல்லவில்லை. நான் கொடுக்கவுமில்லை. இதைப் படிக்கட்டில் யாருக்கு விளக்குவது? அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

வீடு திரும்பியும் இரண்டு நாளாக அவள் நாற்காலி காலி. மதில் பக்கமே போகக் கூடாது என்று மகன் சொல்லிவிட்டானாம். இன்று கீழே கொடுத்தனுப்பிய சீட்டின் நகல்:

'டீச்சருக்கு,

நித்தியகல்யாணியின் இலை, பூ, வேர் எதையும் வாயில் வைக்கக் கூடாது. கடைசிச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். மருந்து எடுப்பவர்கள் தொழிற்சாலையில் எடுக்கிறார்கள், பல்லால் அல்ல. மாத்திரையை ஒழுங்காகப் போடு. காதுமெஷினை மாட்டு, நீ கிழவிதான். கடைசிச் சொல்லை இனி உரக்கச் சொல்கிறேன். உன் மகனுக்குப் பயமென்றால் செடிகளை எடுத்துவிடுகிறேன். நாற்காலியை எடுக்க மாட்டேன்.

சாயங்காலம் வருவாயா, மாட்டாயா? பதிலை எழுத்தில் தரவும்.'